கியோட்டோவில் நள்ளிரவு, வயிற்றில் எட்டரை மணி

மணி பன்னிரண்டு. ஜப்பானில் கியோட்டோ நகரத்து விடுதி ஒன்றில், கோரைப்பாய் பதித்த சின்ன அறையில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தெருவில் ஓசையே இல்லை. மெத்தை சுகமாக இருக்கிறது. முந்தைய இரவு முழுவதும் விமானத்தில் உட்கார்ந்தபடி வந்ததால் உடம்பெல்லாம் வலி. ஆனால் தூக்கம் வரவில்லை. போதாக்குறைக்குப் பசி வேறு! ஊர் அடங்கிய வேளையில் வயிறு சாப்பாடு கேட்கிறது.

கைக்கடிகாரத்தைக் கியோட்டோ நேரத்துக்கு மாற்றிவிட்டீர்கள். வயிற்றை மாற்ற முடியவில்லை. வயிற்றின் கணக்கில் இப்போது இரவு எட்டரை மணி. தெள்ளாரில் உங்கள் வீட்டில் இலை போடும் நேரம்.

நண்பர்களே, இது ஒரு கற்பனைப் பயணம்தான். ஆனால் இதில் வரும் கணக்குகள் கற்பனை அல்ல. நீங்கள் தெள்ளாரில் பிறந்தவர், ஆரணிப் பட்டுத் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்தவர், படித்து முடித்து நெசவுத் தொழில்நுட்பம் கற்றவர் என்று வைத்துக்கொள்வோம். கியோட்டோவில் நிஷிஜின் என்ற பகுதி பட்டு நெசவுக்குப் பேர்போனது. அங்கே ஒரு தறிக்கூடத்தில் நாளைக் காலை சரியாக ஒன்பது மணிக்கு உங்களை வரச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு யாரும் இல்லை. தனியாக வந்திருக்கிறீர்கள். இது ஜூன் மாதத்தின் முதல் வாரம். ஒன்பது மணிக்குள் உங்கள் மூளை விழித்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

முதலில் இந்த மூன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியாவின் கடிகாரங்கள் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகின்றன. ஜப்பானின் கடிகாரங்கள் ஓடுவது 135 பாகையைப் பார்த்து. இடைவெளி 52½ பாகை. நான்கால் பெருக்கினால் 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி. நம் பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம் அல்லவா? அந்தக் கணக்கில் எட்டே முக்கால் நாழிகை.

இது அரசாங்கக் கணக்கு. சூரியனின் கணக்கு வேறு. தெள்ளார் இருப்பது ஏறக்குறைய 79½ பாகையில். கியோட்டோ 135¾ பாகையில். அதனால் உச்சிப் பொழுது அங்கே நமக்கு 3 மணி 45 நிமிடம் முன்பாகவே வந்துவிடும். விடியலோ இன்னும் முந்தும். கியோட்டோ நமக்கு வெகு வடக்கே, 35 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதினான்கு மணி நேரத்துக்கும் அதிகம். காலை 4.45க்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். அப்போது தெள்ளாரில் மணி ஒன்றே கால். இந்த 4.45 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் அது உங்களைத் தொல்லைப்படுத்தப் போகிறது.

கப்பலில் போனவர்கள்

தெள்ளாரிலிருந்து கிழக்கே போவது புதிய காரியம் அல்ல. தெள்ளாற்றுப் போரில் வென்று 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் பெற்ற மூன்றாம் நந்திவர்ம பல்லவனை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். அவனுக்கு அவனிநாரணன் என்றும் ஒரு பெயர் உண்டு. இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவா பா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அது அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றிப் பேசுகிறது. மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் பெயரும் அதில் வருகிறது. தெள்ளாற்றில் வென்றவனின் பெயர் கடல் தாண்டிப் போய்க் கல்லில் ஏறியிருக்கிறது!

அவனுக்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தென்னிந்தியர் ஜப்பான் வரை போயிருக்கிறார். போதிசேனர் என்ற பௌத்தத் துறவி சீனா வழியாக 736ஆம் ஆண்டு ஜப்பானை அடைந்தார். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்றே ஜப்பானியப் பதிவுகள் அவரைக் குறிக்கின்றன. கியோட்டோ அப்போது தலைநகராகவில்லை. அதற்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள நாராதான் தலைநகரம். அங்கே வெண்கலத்தில் வார்த்த பிரம்மாண்டமான புத்தர் சிலைக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்தபோது, தூரிகை பிடித்தவர் போதிசேனர். தூரிகையில் ஒரு நீண்ட பட்டுக் கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். எல்லாரும் சேர்ந்து கண் திறந்ததாகப் பொருள். அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் நாராவில் பாதுகாக்கப்படுகின்றன.

போதிசேனர் கடலில் எத்தனையோ இன்னல்களைப் பட்டிருப்பார். ஆனால் இப்போது உங்களுக்கு இருக்கும் தொல்லை அவருக்கு இருந்திருக்க முடியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீராவிக் கப்பலே ஒரு நாளில் நானூறு, நானூற்றைம்பது கி.மீ. கிழக்கே போனால் அதிகம். அது ஏறக்குறைய 4 பாகை. நாளொன்றுக்கு 16 நிமிட வித்தியாசம். பாய்மரக் கப்பலுக்கு இன்னும் குறைவு. இந்த அளவை உடம்பு உணரக்கூட உணராது. ஜெட் விமானமோ சென்னைக்கும் ஒசாகாவுக்கும் இடையில் உள்ள சுமார் 6000 கி.மீ. தூரத்தை ஓர் இரவில் தாண்டிவிடுகிறது. உடம்பு வந்துவிட்டது, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பின்தங்கி நிற்கிறது. இதற்குத்தான் 'ஜெட் லாக்' என்று பெயர். ஜெட்டினால் வரும் பின்னடைவு.

நள்ளிரவு உலா

சரி, பசியோடு எத்தனை நேரம் படுத்திருப்பது? செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கீழே இறங்குகிறீர்கள். செருப்பு வாசலில்தான் இருக்கிறது. நம் வீடுகளைப் போலவே இங்கும் வீட்டுக்குள் செருப்பு வராது. வந்ததிலிருந்து நீங்கள் கண்ட முதல் சொந்த ஊர் வழக்கம் இதுதான். வண்டிகளும் நம் ஊர் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன.

உண்மையைச் சொன்னால் மாலையில் ரயிலை விட்டு இறங்கியபோது உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் என்று படித்துவிட்டு வந்தால், எதிரே நிற்பது 1997இல் திறந்த எஃகும் கண்ணாடியுமான ராட்சத ரயில் நிலையம். பழைய நகரம் எங்கே? அது தெருக்களில் இருக்கிறது. 794ஆம் ஆண்டு தலைநகரை அமைத்தபோது சீனத்துச் சாங்கான் நகரைப் பார்த்துச் சதுரங்கப் பலகை போலத் தெருக்களை வகுத்தார்கள். குறுக்கே ஓடும் பெருந்தெருக்களுக்கு முதலாம் தெரு, இரண்டாம் தெரு என்ற பொருளில் இச்சிஜோ, நிஜோ, சான்ஜோ, ஷிஜோ, கோஜோ என்று பெயர். ஐந்து வரை எண்ணக் கற்றுக்கொண்டால் பாதி ஊரில் வழி தவறாது. மூன்று பக்கமும் மலை. அதனால் திசையும் குழம்பாது.

இந்த நேரத்தில் பார்த்தால் பழைய மரவீடுகள் அழகாகத்தான் இருக்கின்றன. தெருப்பக்கம் குறுகலான முகப்பு. உள்ளே நீண்டுகொண்டே போகும் கட்டு. விலாங்கு மீனின் படுக்கை என்று ஜப்பானியர் கேலியாகச் சொல்வார்கள். நம் நெசவாளர் தெரு வீடுகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. முன்னே வியாபாரம், நடுவே குடும்பம், பின்னே தறி. ஒரு தெருமுனையில் பானம் விற்கும் இயந்திரம் ஆளில்லாமல் பளீரென்று எரிகிறது. சற்றுத் தள்ளி இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு சின்னக் கடை. அங்கே கடற்பாசித் தாளில் சுற்றிய முக்கோணச் சோற்றுக் கட்டி கிடைக்கிறது. கட்டுச்சோற்றின் தூரத்து உறவு என்று சொல்லலாம். சிலவற்றுக்குள் மீன் இருக்கும். சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. மனம் விழிப்பாக, உற்சாகமாகக்கூட இருக்கிறது. ஏன்? சாதாரணமாக நாம் உறங்கப் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடலின் கடிகாரம் நம்மை நன்றாக விழிக்க வைக்கிறது. பகலெல்லாம் சேர்ந்த களைப்பை எதிர்த்து அது நம்மைத் தூக்கி நிறுத்தும் வேளை அது. உங்களுக்கு அந்த வேளை இப்போதுதான் நடக்கிறது. அதனால்தான் பத்து மணிக்குப் படுத்தும் பலனில்லை. ஊர்க் கணக்கில் அது மாலை ஆறரை. மாலை ஆறரைக்கு யாருக்குத் தூக்கம் வரும்?

கடிகாரம் எங்கே இருக்கிறது?

1729ஆம் ஆண்டு மேரான் என்ற பிரெஞ்சு வானியலறிஞர் தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். பகலில் இலை விரிவதும் இரவில் மூடுவதும் வெயிலால்தான் என்றால் இருட்டில் அது நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை. வெளிச்சமே இல்லாமல், வெளியே பகல் வந்தபோது இலைகள் விரிந்தன. இரவு வந்தபோது மூடின. இதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு தொட்டித் தொட்டாற்சிணுங்கியை இரண்டு நாள் வெளிச்சம் புகாத அறையில் வைத்து, மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் அவ்வப்போது பாருங்கள். தொட்டுவிடாதீர்கள்! தொட்டால் பரிசோதனை கெட்டது.

பட்டுக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் உள்ள உறவு இன்னும் சுவையானது. பட்டுப்புழு முட்டைகள் விடியற்காலையில்தான் பொரியும். பட்டு வளர்ப்போருக்கு இது நன்றாகத் தெரியும். எல்லா முட்டைகளும் ஒரே நாளில் பொரிந்தால்தான் வேலை எளிது. எனவே பொரிவதற்கு இரண்டு நாள் முன்பே முட்டை அட்டைகளைக் கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைத்து, குறித்த நாள் காலையில் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார்கள். மொத்தமாகப் பொரிந்துவிடும். விரல்நுனியில் பல முட்டைகள் ஒட்டிக்கொள்ளலாம், அத்தனை சிறிது. அதற்குள்ளும் ஒரு கடிகாரம்.

1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் ட்ரூமன், ரிடிஃபோர்ட் என்ற இருவர் இரண்டு வகைக் காட்டுப் பட்டு அந்துப்பூச்சிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வகை காலையில் கூட்டை விட்டு வெளிவரும். மற்றது பிற்பகல் சாயும் நேரத்தில். கூட்டுப்புழுப் பருவத்தில் இரண்டின் மூளைகளையும் எடுத்து இடம் மாற்றினார்கள். அதுவும் தலையில் அல்ல, வயிற்றுப் பகுதியில் வைத்தார்கள். காலைப் பூச்சி பிற்பகலில் வந்தது. பிற்பகல் பூச்சி காலையில் வந்தது. மூளை எங்கே போனதோ அங்கே நேரமும் போயிற்று.

நமக்கும் முதன்மைக் கடிகாரம் மூளையில்தான் இருக்கிறது. இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சிறு திரள். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் இந்தத் திரளுக்கு அறிவிக்கும் சிறப்பு அணுக்களும் உண்டு. அணுவுக்குள் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலுக்கும் வயிற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவை உணவு நேரத்தைப் பார்த்து நடப்பவை. அதனால் ஜெட் லாக் என்பது ஒரே ஒரு கடிகாரம் பிந்துவது அல்ல. ஒரு வீட்டில் உள்ள எல்லாக் கடிகாரங்களும் வெவ்வேறு நேரம் காட்டுவது போன்றது.

மனிதரின் கடிகாரம் சரியாக 24 மணிக்கு ஓடுவதில்லை. சராசரியாக அதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் அதிகம் எடுத்துக்கொள்கிறது. அதாவது இயல்பாகவே பிந்தும் கடிகாரம். மேற்கே போனால் நாள் நீள்கிறது, அதற்கு ஒத்துப்போகும். கிழக்கே போனால் நாள் குறுகுகிறது, முரண்டு பிடிக்கும். லண்டனுக்குப் போனவர் சீக்கிரம் தெளிவதும் கியோட்டோவுக்குப் போனவர் திண்டாடுவதும் இதனால்தான். கிழக்குப் பயணத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சரிசெய்துகொள்ளும் என்பது பொதுவான கணக்கு.

நாலே முக்காலுக்கு வந்த சூரியன்

ஒன்றரை மணிக்கு ஒருவழியாகக் கண்ணயர்ந்தீர்கள். ஊரில் பத்து மணிக்குத் தூங்குபவர் நீங்கள். உங்கள் கடிகாரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் 4.45க்கு விடிந்துவிட்டது. இந்த அறையின் சன்னலுக்கு மரச்சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிய தடுப்புதான். அது வெளிச்சத்தை மறைக்காது. மிருதுவாக்கி அறை முழுதும் பரப்பிவிடும். பார்க்க மிக அழகு. தூங்க நினைப்பவருக்கு இம்சை.

எழுந்து வெளியே உலாவினால் உடம்பு புது நேரத்துக்குப் பழகிவிடும் என்று தோன்றும். அங்கேதான் தவறு செய்கிறோம். ஊஞ்சலைத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். முன்னே போகும்போது தள்ளினால் வேகம் கூடும். உங்களை நோக்கி வரும்போது தள்ளினால் தடைபடும். அதே கை, அதே தள்ளல், நேரம்தான் வேறு. வெளிச்சமும் அப்படித்தான். உடலின் வெப்பம் ஒரு நாளில் மிகத் தாழும் நேரம், வழக்கமாக விழிப்பதற்கு ஓரிரு மணி முன்பு, அதிகாலை நான்கு மணி வாக்கில். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன்பு பட்டால் பின்னே தள்ளும்.

உங்கள் உடலின் நான்கு மணி கியோட்டோவில் ஏழரை. ஆகவே நாலே முக்கால் முதல் ஏழரை வரை படும் வெயில் உங்கள் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத்தான் இழுக்கும். முதல் நாள் காலை செய்ய வேண்டியது, கண்ணில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பது! எட்டு மணிக்கு மேல் வெளியே போய் நன்றாக வெயிலில் நிற்கலாம். இரண்டாம் நாள் அந்த எல்லை ஆறரைக்கு வரும், மூன்றாம் நாள் ஐந்தரைக்கு. விடியற்காலைக் கியோட்டோவின் அழகை நான்காம் நாளுக்கு ஒத்திவைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஊர் ஆயிரத்து இருநூறு ஆண்டாக அங்கேயேதான் இருக்கிறது.

ஒன்பது மணிக்கு நிஷிஜின்

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகத் தறிக்கூடத்து வாசலில் நிற்கிறீர்கள். உடலுக்கு மணி ஐந்தரை கூட ஆகவில்லை. உங்களை வரவேற்பவர் குனிந்து வணங்குகிறார், நீங்களும் குனிகிறீர்கள். நிமிரும்போது லேசாகத் தலை சுற்றுகிறது.

நிஷிஜின் என்றால் மேற்குப் பாசறை என்று பொருள். 1467 முதல் 1477 வரை கியோட்டோவைச் சாம்பலாக்கிய உள்நாட்டுப் போரில் மேற்குப் படை தங்கிய இடம் இது. ஊரை விட்டு ஓடிய நெசவாளர்கள் போருக்குப் பின் இங்கே திரும்பி வந்து தறி போட்டார்கள். படையின் பெயர் பட்டுக்கு நிலைத்துவிட்டது.

தறியைப் பார்த்ததும் தூக்கம் கொஞ்சம் விலகுகிறது. பாவு, ஊடை, நாடா எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் துணி அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. இங்கே நெய்வது சேலை அல்ல. கிமோனோவின் மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் பட்டுக் கச்சை. மேலே ஜக்கார்டு பெட்டி. துளை இருந்தால் நூலைத் தூக்கு, இல்லையென்றால் விடு என்று கட்டளையிடும் அட்டைகளை ஆரணியிலேயே பார்த்திருக்கிறீர்கள். ஜக்கார்டு வருவதற்கு முன் இங்கே தறியின் உச்சியில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்து, கீழே நெய்பவருக்கு ஏற்பப் பாவு நூல்களைக் கையால் தூக்கிக்கொண்டிருந்தார். 1872இல் கியோட்டோ நிர்வாகம் சகுரா, இனோவே, யோஷிதா என்ற மூன்று பேரைப் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கற்று வரச் செய்தது. முன்பின் அறியாத நாட்டுக்குப் போன இந்த மூவரில் இருவர்தான் ஊர் திரும்பினார்கள். யோஷிதா ஏறிவந்த கப்பல் 1874இல் ஜப்பான் கரையை நெருங்கிய வேளையில் மூழ்கிப்போயிற்று.

இன்னொரு மூலையில் ஜக்கார்டு இல்லாத தறி. அங்கே நெய்பவர் கையை உங்களிடம் காட்டுகிறார். விரல் நகங்களை அரத்தின் பல் போலப் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து வைத்திருக்கிறார்! அந்த நகப் பற்களால் வண்ண ஊடை நூலை ஒவ்வொன்றாக இழுத்து நெருக்கி நெய்கிறார். நெருக்கமான கோலம் என்றால் ஒரு நாள் முழுக்க நெய்தாலும் ஓர் அங்குலம் வளர்வது அரிது.

அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அடக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. அவர் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் பச்சைத் தேநீர் கொண்டுவரச் சொல்கிறார். இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. உடல் வெப்பம் தாழ்ந்திருக்கும் வேளையில் கவனமும் கையின் வேகமும் குறைவது இயற்கை. நெடுஞ்சாலையில் ஓட்டுநர் கண்ணயர்ந்து நேரும் விபத்துகள் அதிகாலையில் அதிகமாக நிகழ்வதும் இதே காரணத்தால்தான். ஆனால் ஒரு வருத்தம் உண்டு. இத்தனை தூரம் வந்து முதன்முதலாகப் பார்த்த அந்த நகத்தறியை நீங்கள் பாதி மூளையோடு பார்த்தீர்கள். அன்றிரவு நாட்குறிப்பில் கியோட்டோ சோகமான ஊர் என்றோ, எரிச்சலூட்டும் ஊர் என்றோ எழுதினால், அதை உங்கள் கல்லீரலும் சேர்ந்து எழுதியது என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். நான்காம் நாள் மீண்டும் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

தனியாக வந்ததன் விலை

மதுரைக்கு அருகே ஒரு குகையில் இலைமூக்கு வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் தம் மாணவர்களோடு சேர்ந்து இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குகையின் உட்புறம் ஒரே இருட்டு. அங்கே சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். வெளிச்சமே காணாத அந்தக் கைதிகள், மற்ற வௌவால்கள் மாலையில் பறந்து கிளம்பும் அதே நேரத்துக்குத் தாமும் நாள்தோறும் விழித்துப் படபடத்தன. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் ஒற்றையாக வைத்தபோதோ, அவற்றின் நேரம் நாளுக்கு நாள் நழுவிக்கொண்டே போயிற்று. கூட்டத்தின் சந்தடியே அவற்றுக்குக் கடிகாரம். இந்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. அதே பல்கலைக்கழகத்தில் பிற்பாடு மனிதர்களும் கடிகாரமோ வெயிலோ தெரியாத தனியறையில் பல நாட்கள் தங்கி, தம் உடலின் நேரத்தை அளக்க உதவினார்கள்.

மனிதருக்கு வெளிச்சம்தான் தலையாய வழிகாட்டி. என்றாலும் குடும்பத்தோடு வந்தவருக்கு, சாப்பிட வா, எழுந்திரு என்று சொல்ல ஆள் இருக்கும். நீங்கள் தனி. யாரும் எழுப்பாவிட்டால் பதினோரு மணிவரை தூங்கி, நள்ளிரவில் சாப்பிட்டு, கியோட்டோவுக்குள்ளேயே ஒரு தெள்ளாரை நடத்திக்கொண்டிருப்பீர்கள். எனவே விடுதியில் மற்றவர்களோடு உட்கார்ந்து, பசி இல்லாவிட்டாலும் காலைச் சோறும் சூப்பும் கொஞ்சம் சாப்பிடுங்கள். கல்லீரலுக்கு அது ஒரு தந்தி.

ஜப்பானியரின் பழைய கடிகாரம் இந்த விஷயத்தில் நம்மைவிட உடம்புக்கு நெருக்கமாக இருந்தது. விடியலிலிருந்து அந்தி வரை ஆறு பங்கு, அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு பங்கு. அதனால் கோடையில் பகல் 'மணி' நம் இரண்டரை மணிக்கும் அதிகம். குளிர்காலத்தில் இரண்டு மணிக்கும் குறைவு. கோயில் மணியை அடித்து இதை ஊருக்கு அறிவித்தார்கள். மேல்நாட்டுக் கடிகாரம் வந்தபோது அதையும் இந்தக் கணக்குக்கு வளைத்து, பருவத்துக்கு ஏற்ப நீண்டு குறுகும் நேரத்தைக் காட்டும் கடிகாரங்களைச் செய்தார்கள். 1873 ஜனவரி முதல் நாள் சம அளவுள்ள 24 மணிக்கு நாடே மாறியது.

பஸ் ஏறாமலே கியோட்டோ

இதெல்லாம் விமானம் ஏறுபவர் கவலை என்று நினைக்கிறீர்களா? சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிக்குப் படுத்து, ஞாயிறு ஒன்பது மணிக்கு எழுபவரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கலாம்! வாரநாளில் பத்துக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் அவருடைய தூக்கம் அப்படியே மூன்றரை மணி நேரம் தள்ளிப்போகிறது. கியோட்டோ கணக்குக்கு ஒரு நிமிடம் கூடக் குறையவில்லை. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அவர் உட்கார்ந்திருப்பது வகுப்பில்தான். அவருடைய மூளை இன்னும் வழியில் இருக்கிறது. விஞ்ஞானிகள் இதைச் சமூக ஜெட் லாக் என்கிறார்கள். உங்கள் வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பிந்துகிறது. ஆகவே காலையில் எழ முடியாததை எல்லாம் சோம்பல் என்று திட்டுவது முழு நியாயம் அல்ல. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் முகத்துக்கு நேராகப் பிடித்த கைப்பேசி வெளிச்சம், அந்தப் பிந்தலை இன்னும் பின்னே தள்ளும் ஊஞ்சல் தள்ளல்தான். பரீட்சைக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படித்துவிட்டுப் போகிறவர் நகத்தறி முன்னே கொட்டாவி விட்டவரின் நிலையில்தான் வினாத்தாளை வாங்குகிறார்.

நான்காம் நாள் காலை ஐந்தரைக்கு நீங்கள் தானாக விழிக்கிறீர்கள். காகிதத் தடுப்பில் வெயில் பட்டிருக்கிறது. தலை தெளிவாக இருக்கிறது. அன்று நிஷிஜினில் அந்த விரல்களின் ஒவ்வோர் அசைவையும் பார்க்கிறீர்கள். முதல் நாள் கேட்க மறந்த கேள்விகளையெல்லாம் கேட்கிறீர்கள்.

அதற்கடுத்த வாரம் ஊர் திரும்பிய முதல் நாள், தெள்ளாரில் திடீரென்று விழிப்பு. கியோட்டோவில் எழுந்த அதே ஐந்தரை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. எழுந்து கொல்லைப்பக்கம் போகிறீர்கள். பயணம் எதுவும் போகாத புளியமரத்தின் இலைகள் எல்லாம் மூடியே கிடக்கின்றன.